அம்மாவோட ஒபரேசன் பில்லை வரில கழிக்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணே. நான் கொழும்புல ஒரு பிரைவேட் கம்பனில வேலை செய்றேன், சம்பளம் மாசம் 190,000. அம்மா தோட்டத்துல கொழுந்து எடுத்து ரிட்டயர் ஆனவங்க, தலவாக்கலைல தம்பியோட லயத்துலதான் இருக்காங்க. போன மாசம் கண்டில பிரைவேட் ஆஸ்பத்திரில நெஞ்சு ஒபரேசன், பில் 850,000, முழுசா நான்தான் கட்டினேன். பெத்தவங்க வைத்தியச் செலவை 80டி-னு போட்டு கழிச்சிக்கலாம்னு யூடியூப்ல ஒருத்தர் சொல்றாரு. ரிட்டர்ன்ல இந்த பில்லையும் போடவா?
- வாசகி, தலவாக்கலை

பதில்: போடாதீங்க தங்கச்சி. 80டி இந்தியாக்காரங்க சட்டம், நம்ம இறைவரித் திணைக்களத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. தமிழ்ல பேசுறாரேன்னு நம்ம நாட்டுக்கும் சேத்து சொல்றாருன்னு நெனச்சிட்டீங்க, நீங்க மட்டுமில்ல, நெறைய பேரு இதுல மாட்டிக்கிறாங்க.

நம்ம நாட்டுலயும் அப்படி ஒண்ணு இருந்துச்சு. 2020 ஜனவரி 1லருந்து 2022 டிசம்பர் 31 வரைக்கும் வைத்தியச் செலவு, மெடிக்கல் இன்சூரன்ஸ், புள்ளைங்க படிப்பு, வீட்டுக்கடன் வட்டின்னு எல்லாம் சேத்து வருசத்துக்கு 12 இலட்சம் வரைக்கும் கழிக்க விட்டாங்க, அப்புறம் நாடு வங்குரோத்தாகி கெடந்த நேரத்துல 2022ம் வருசத்து 45ம் இலக்கத் திருத்தச் சட்டத்தைக் கொண்டாந்து அதைத் தூக்கிட்டாங்க. இப்ப சம்பளக்காரருக்கு மிஞ்சியிருக்கிற பெரிய சலுகை தனிநபர் நிவாரணம்தான், அதாவது வருமானத்துல வரி போடாம விடுற தொகை, 2025 ஏப்ரல்லருந்து வருசம் 18 இலட்சம்.

ஆனா ரொம்ப மனச போட்டு ஒழப்பிக்காதீங்க, கணக்க பாருங்க. உங்க வருசச் சம்பளம் 2,280,000, அதுல 18 இலட்சம் போனா 480,000, அதுக்கு 6 வீதம், 28,800 ரூபா. மொத்த வரியே அவ்வளவுதான், அதையும் மாசம் 2,400ன்னு கம்பனியே சம்பளத்துல புடிச்சிருக்கும். பில் முழுசையும் கழிக்க விட்டிருந்தாலும் உங்க கைக்கு அதுக்கு மேல ஒரு சதம் வந்திருக்காது, எட்டரை இலட்சத்துக்கு இது எந்த மூலைக்கு?

அதனால காசு வேற எங்க கெடைக்கும்னு பாருங்க. கம்பனி மெடிக்கல் இன்சூரன்ஸ்ல அப்பா அம்மாவையும் சேப்பாங்களான்னு எச்.ஆர்.ல கேளுங்க, முழுநேர ஊழியர் எல்லாருக்கும் ஒரே மாதிரி குடுக்குற வைத்திய உதவிய உங்க வருமானத்துல சேத்து வரி போடமாட்டாங்க. வைத்தியச் செலவுக்கு உதவி குடுக்குற அரசாங்கத்தோட ஜனாதிபதி நிதியமும் இருக்கு, 2025 பெப்ரவரிலருந்து அதுக்குக் கொழும்புக்கு அலைய வேணாம், உங்க பிரதேச செயலகத்துலயே விண்ணப்பம் குடுக்கலாம். ஒபரேசனுக்கு முன்னுக்கே போயிருந்தா நல்லம், இருந்தாலும் பில்லு, டொக்டர் குடுத்த துண்டு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு தம்பிய ஒருக்கா போய்க் கேட்டுப் பாக்கச் சொல்லுங்க.

நீங்க கேக்காத ஒண்ணு. அம்மாவோட ஈ.பி.எஃப். காசு பேங்க்ல எஃப்.டி.யா கெடக்குதா? வட்டில 10 வீதம் வரின்னு வெட்டுவாங்க. வருச வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவங்க பேங்க்ல ஒரு சுயபிரகடனம் எழுதிக் குடுத்தா வெட்டமாட்டாங்க. அம்மா குடுத்துட்டாங்களான்னு முதல்ல அதக் கேளுங்க.