வாசகர் கேள்வி – பதில்: மலைப்பாதையில் கேமராவுடன்

கேள்வி: நண்பர்கள் நால்வர் காரில் ஐந்து நாள் மலைப்பயணம் செல்ல இருக்கிறோம். இயற்கைக் காட்சிகளையும் வனவிலங்குகளையும் படமெடுக்க விரும்புகிறோம். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வகுத்துக்கொள்வது?

பதில்: கிலோமீட்டரை ஒதுக்கிவிட்டு, வெளிச்சத்தைக் கொண்டு நாளை வகுத்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த பாதையில் மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் வேகம் கிடைத்தாலே அதிகம். நின்று நின்று படமெடுத்தால் அதுவும் குறைந்துவிடும். பாலூட்டிகளில் பல விடியலிலும் அந்தியிலும்தான் மேய வெளியே வருகின்றன. மலைமுகட்டில் சாய்வான பொன்னிற ஒளி விழுவதும் அதே வேளைகளில்தான். ஆகவே ஒரு காலையில் இரண்டையும் துரத்தினால் இரண்டும் கைநழுவும் என்பதால், எந்தக் காலை காட்சிக்கு, எந்தக் காலை விலங்குக்கு என்று முந்தைய இரவே முடிவு செய்துவிடுங்கள். ஐந்து நாளுக்கு இரண்டு தங்குமிடங்கள் போதும் என்பது என் உறுதியான கருத்து. வெளிச்சம் தட்டையாக இருக்கும் நண்பகலை இடம் மாறுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

வரைபடத்தில் பள்ளத்தாக்கின் திசையையும் பாருங்கள். கிழக்கு நோக்கிய சரிவில் காலை ஒளி முதலில் படும். மேற்கே உயர்ந்த முகடு இருந்தால், நாட்காட்டி சொல்லும் அஸ்தமனத்துக்கு வெகுநேரம் முன்பே பள்ளத்தாக்கு நிழலில் மூழ்கிவிடும். இதைக் கவனிக்காமல் மாலைக் காட்சியைத் தவறவிடுபவர்கள் ஏராளம்.

விலங்குகளைப் படமெடுக்கக் காரே நல்ல மறைவிடம். வண்டியைப் பொருட்படுத்தாத மான்கூட, கதவு திறந்து ஓர் ஆள் இறங்கியதும் ஓடிவிடும். வளைவில் நிறுத்தாமல், இருபுறமும் பார்வை தெரிகிற அகலமான ஓரத்தில் நிறுத்தி, அதிர்வு படத்தைக் கலங்கடிக்காதிருக்க இன்ஜினை அணைத்து, பாதி இறக்கிய கண்ணாடியின் மேல் தானியம் நிரப்பிய சிறு துணிப்பையை வைத்து அதன்மேல் லென்ஸைத் தாங்கவிடுங்கள். 400 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால், நடமாடும் விலங்குக்கு ஷட்டர் வேகம் நொடியில் 1000-இல் ஒரு பங்காவது இருக்கட்டும். மேய்ந்துகொண்டிருந்த விலங்கு தலையைத் தூக்கி, இரு காதுகளையும் உங்கள் பக்கம் நிலைநிறுத்தினால், அதற்குமேல் ஓர் அடியும் நெருங்கக் கூடாது. தீனி போட்டு வரவழைப்பதும், ஹாரன் அடித்துத் திரும்பிப் பார்க்க வைப்பதும் எந்தப் படத்துக்காகவும் செய்யத்தகாதவை. வண்டி ஓட்டுபவர் ஓட்டும்போது கேமராவைத் தொடவே வேண்டாம். முறை வைத்து மாறிக்கொள்ளுங்கள்.

கேள்வி: குளிரில் படமெடுத்துவிட்டு அறைக்குள் வந்தால் லென்ஸில் நீர் படிகிறது. பேட்டரியும் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: அறையின் வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிறது. உள்ளே நுழையும் முன்பே, வெளியில் வைத்தே கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் மூடிவிட்டு, அது அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள். மெமரி கார்டை முன்னதாகவே எடுத்துக்கொண்டால், காத்திருக்கும் நேரத்தில் படங்களைப் பார்க்கலாம். மாற்று பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடல் சூட்டில் வைத்திருங்கள். குளிரில் இறங்கியதாகத் தோன்றும் பேட்டரி சூடேறியதும் ஓரளவு மீண்டும் வேலை செய்யும்.

கேள்வி: 3000 மீட்டருக்கு மேலும் செல்கிறோம். உடல் தாங்குமா?

பதில்: அந்த உயரத்துக்கு மேல், இரவு தங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்குமேல் உயர்த்தாதீர்கள். தலைவலியும் குமட்டலும் தொடங்கினால் மேலே ஏறக் கூடாது; கூடினால் உடனே கீழே இறங்கிவிட வேண்டும்.