வளரும் வல்லரசு, உச்சியில் இருக்கும் நாட்டை எப்படி எதிர்க்கிறது? போர் வந்துதான் தீருமா?

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரன். அப்பா பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். எங்கள் தோட்டத்தில் ஒரே ஒரு கடைதான். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் புத்தகத்தில் எழுதி வாங்கி, சம்பள நாளில் கணக்குத் தீர்ப்பார்கள். கடைக்காரர் சொன்னதுதான் விலை. ஒருநாள் பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் மோட்டார் சைக்கிளில் சாமான் கட்டிக்கொண்டு தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கே வந்து ஐந்து காசு குறைத்து விற்றார். கடைக்காரர் முதலில் சிரித்தார். மூன்றாம் மாதம் தோட்டத்துக் கேட்டில் சங்கிலி விழுந்தது.

உலக அரசியலிலும் நான் பார்ப்பது ஏறக்குறைய இந்த வரிசைதான். முதலில் வேறு கடை தேடுவார்கள், அப்புறம் கேட்டை மூடுவார்கள். பீரங்கி வருவதாக இருந்தால் அதற்கும் பிறகுதான்.

இந்தக் கேள்விக்கு எல்லாரும் பழைய கிரேக்கத்தில் போரிட்ட ஏதென்ஸ், ஸ்பார்ட்டா என்று தொடங்குவார்கள். ஹார்வர்டு பேராசிரியர் கிரஹாம் அலிசன் ஐந்நூறு ஆண்டுகளில் இப்படி 16 மோதல்களை எண்ணி, 12 போரில் முடிந்ததாகச் சொன்னார். எதை மோதலாக எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து அந்தக் கணக்கு மாறும். அதனால் எனக்கு அதில் பெரிய பிடிப்பு இல்லை. நம் பால்மரத்தை எடுத்துக்கொண்டாலே விஷயம் விளங்கும்.

1922-ல் ரப்பர் விலை படுத்துக் கிடந்தது. பிரிட்டன் ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்றைப் போட்டு, மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகும் ரப்பரைக் குறைத்தது. உலக ரப்பரில் பெரும்பங்கை வாங்கிய நாடு அமெரிக்கா. அங்கே கார் பெருகிக்கொண்டிருந்த காலம். 1925-ல் விலை பல மடங்கு ஏறியதும், வர்த்தக அமைச்சராக இருந்த ஹூவர் கொதித்துப் போனார். போர்க்கப்பல் எதையும் அனுப்பவில்லை. 1926-ல் ஃபயர்ஸ்டோன் டயர்க் கம்பெனி லைபீரியாவில் பத்து லட்சம் ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஹென்றி ஃபோர்டு அமேசான் காட்டில் தோட்டத்தோடு ஒரு ஊரையே கட்டினார். மரம் பிறந்த காட்டில் அதன் நோயும் பிறந்திருந்தது. இலைநோயில் தோட்டம் கெட்டது. இதற்கிடையில் இந்தோனேசியாவை ஆண்ட டச்சுக்காரர்கள் கட்டுப்பாட்டில் சேராமல் இஷ்டத்துக்கு விற்றார்கள். 1928-ல் பிரிட்டன் திட்டத்தையே கைவிட்டது. வளர்ந்துகொண்டிருந்த அமெரிக்கா, உச்சியில் இருந்த பிரிட்டனை எதிர்த்த கதையில் இது ஒரு துண்டு. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

ஜப்பான் கதை வேறு. அவர்களும் வளர்ந்த நாடுதான். ஆனால் எண்ணெயில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வரவேண்டும். 1937 முதல் சீனாவில் போர் நடத்தினார்கள். 1941 ஜூலையில் தெற்கு இந்தோசீனாவிலும் நுழைந்தபோது அமெரிக்கா அவர்கள் சொத்தை முடக்கி எண்ணெயை நிறுத்தியது. படையைப் பின்வாங்கினால் எண்ணெய் கிடைத்திருக்கலாம். அதைச் செய்யவில்லை. டிசம்பர் 8 நள்ளிரவு தாண்டி மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரில் முதல் குண்டு விழுவதற்கும் முன்னால் அது. மலாயாவில் ரப்பர் இருந்தது, வெள்ளீயம் இருந்தது, டச்சு எண்ணெய்க் கிணறுகளுக்குப் போக வழியும் இருந்தது. இரண்டு நாளில் பிரிட்டனின் இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் குவாந்தான் கடலில் மூழ்கின. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது.

தாத்தாவின் அண்ணனை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, கொண்டுபோனார்கள். அங்கிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதை வேலைக்கு. காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில், நின்றவரை லாரியில் ஏற்றினார்கள் என்று பாட்டி சொல்லும். அவர் திரும்பவில்லை. இரண்டு பெரிய நாடுகள் எண்ணெய்க்காக மல்லுக்கட்டியதில், எந்தப் பக்கத்திலும் இல்லாத ஒரு பால்மரத் தொழிலாளி காட்டில் செத்துப்போனார். எங்கள் வீட்டில் இந்தப் பாடத்துக்குப் புத்தகம் வேண்டியதில்லை.

மலாயா ரப்பர் கைவிட்டுப் போனதும் அமெரிக்கா செயற்கை ரப்பர்த் தொழிற்சாலைகளைச் சில ஆண்டுகளில் எழுப்பிவிட்டது. போர் முடிந்த பிறகும் அந்தத் தொழில் நிற்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் பால்மரம் போய் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சின்ன நாடு எதிர்த்ததற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 1981 செப்டம்பர் 7. லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்தில் மலேசிய அரசு முதலீட்டு நிறுவனம் கத்ரி கம்பெனியின் பங்குகளை வாங்கிக் குவித்து, நூற்றாண்டு பழைய வெள்ளைக்காரத் தோட்டக் கம்பெனியைக் கைக்குள் கொண்டுவந்தது. சட்டப்படிதான் நடந்தது. இருந்தும் லண்டனில் பங்கு வாங்கும் விதியை மாற்றினார்கள். பதிலுக்கு மலேசியப் பிரதமர் மகாதீர், பிரிட்டிஷ் பொருளைக் கடைசியாக வாங்குங்கள் என்றார். மேலே இருப்பவன் எழுதிய விதியிலேயே கீழே இருப்பவன் ஜெயித்தால், விதியைத்தான் முதலில் திருத்துவார்கள்.

இன்றைய சீனாவையும் அப்படித்தான் பார்க்கிறேன். பன்னாட்டு நாணய நிதியத்தில் பெரிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்கு தேவை. அமெரிக்காவிடம் 16-க்கும் மேல் இருப்பதால் அது தலையசைக்காமல் ஒன்றும் நகராது. சீனா அங்கே சண்டை போட்டுக்கொண்டிருக்கவில்லை. 2016-ல் பெய்ஜிங்கில் ஆசிய உள்கட்டமைப்பு வங்கியைத் திறந்தது. அமெரிக்கா முகம் சுளித்தும் பிரிட்டனே அதில் சேர்ந்தது. 2022 அக்டோபரில் அமெரிக்கா உயர்ரக கணினிச் சிப்புகளைச் சீனாவுக்கு விற்கத் தடை போட்டது. 2025 ஏப்ரலில் காந்தம், மின்சாதனம் செய்யத் தேவைப்படும் சில அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதியைச் சீனா இறுக்கியது. இப்படி இரண்டு பக்கமும் கேட்டில் சங்கிலி விழுந்தது.

போர் வருமா? மூடியவன் ஒரு சின்ன வழியாவது விட்டிருக்கிறானா, வெளியே நிற்பவன் பொறுப்பானா என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1941-ல் அந்த இரண்டாவது, பொறுமை, இல்லை. இன்று சீனா சொந்தமாகச் சிப் செய்யப் பார்க்கிறது, மற்றவர்கள் சீனாவுக்கு வெளியே அரிய மண் தேடுகிறார்கள். நம் குவாந்தான் பக்கம் கெபெங்கிலேயே அதற்கு ஒரு ஆலை ஓடுகிறது. இந்தத் தேடல் நடக்கும்வரை எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும். தைவான் விஷயத்தில் மட்டும் இந்தக் கடைக் கணக்கு செல்லாது. அது சீனாவுக்கு மானப் பிரச்சினை.

தங்கச்சி மகன் பினாங்கில் ஒரு அமெரிக்க சிப் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். தீபாவளிக்குச் சீனாவில் செய்த ரயிலில் ஊருக்கு வந்தான். நீ யார் பக்கம்டா என்று கேட்டேன்.

"ஓ.டி. குடுக்கிறவன் பக்கம், மாமா" என்றான்.