நிறுத்தியிருந்த காரை ஒருவர் இடித்தால்: ஸ்டுட்கார்ட் தம்பிக்கு ஒரு பதில்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, கடை பார்க்கிங்கில் நிறுத்தியிருந்த என் காரை ஒரு பெரியவர் ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்துவிட்டார். பின்கதவும் பம்பரும் நசுங்கிவிட்டன. 300 யூரோ கையில் தருகிறேன் என்றார், நான் வாங்கவில்லை. மறுநாள் அவருடைய இன்ஷூரன்ஸிலிருந்து போன். எங்கள் ஆளே வந்து பார்ப்பார், எங்கள் ஒர்க்ஷாப்பிலேயே சரிசெய்து தருகிறோம் என்கிறார்கள். சரி என்று சொல்லிவிடவா, இல்லை என் இன்ஷூரன்ஸில் கிளெய்ம் போடவா?"

இரண்டும் வேண்டாம் தம்பி. பணத்தை வாங்காமல் விட்டீர்களே, அதுவே பாதி வேலை.

ஆனித் தேரோட்டத்துக்கு ஊருக்கு வந்திருக்கிறேன், பாளையங்கோட்டையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நேற்று வண்ணார்பேட்டையில் ஒரு ஆட்டோவும் காரும் உரசிக்கொண்டன. நாலு பேர் கூடினார்கள், டீக்கடைக்காரர் நாட்டாமை ஆனார், "சவத்தை விடுடே" என்று 2,000 ரூபாயில் முடிந்தது. இங்கே அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இடித்தவருடைய இன்ஷூரன்ஸிடம் வண்டிச் சேதத்துக்குப் பணம் கேட்க வேண்டுமானால், மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்கு நடக்க வேண்டும். பம்பருக்காக யார் நடப்பது? ஒன்று கையோடு பேசி முடிக்கிறோம், இல்லையென்றால் சொந்த பாலிசியில் போட்டு நோ கிளெய்ம் போனஸை இழக்கிறோம். அதே பழக்கத்தை ஜெர்மனிக்குக் கொண்டுபோனால் நஷ்டம் நமக்குத்தான்.

அங்கே இடித்தவருடைய கட்டாய இன்ஷூரன்ஸிடம், அதாவது ஹாஃப்ட்ஃப்ளிக்ட்டிடம், நீங்களே நேரடியாகப் பணம் கேட்கலாம். சட்டம் அப்படி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ரிவர்ஸ் எடுத்து மோதியிருந்தால் பாதிப் பாதி என்று இழுப்பார்கள். உங்கள் கார் ஒழுங்காக நிறுத்தி வைத்த கார், அதனால் தவறு முழுக்க அவருடையது. சேதத்தை மதிப்பிடுபவர் யார், எந்த ஒர்க்ஷாப், இரண்டையும் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு. போனில் பேசியவர்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை, செலவைக் குறைப்பது அவர்கள் தொழில். ஆனால் அவர்கள் ஆளையே மதிப்பிடச் சொல்வது, கடன் வாங்கியவனுடைய கணக்குப்பிள்ளையிடமே நம் வரவையும் எழுதக் கொடுப்பது போலத்தான்.

சேதம் சுமாராக 750 யூரோவுக்குள் என்றால் ஒர்க்ஷாப்பில் ஒரு செலவு மதிப்பீடு வாங்கினால் போதும். அதற்கு மேல் என்றால் நீங்களே ஒரு சுதந்திர மதிப்பீட்டாளரைப் பிடியுங்கள், குட்-ஆக்டர் (Gutachter) என்று கேட்டால் காட்டுவார்கள். அவருடைய கட்டணமும் எதிர்த்தரப்பு தலையில்தான். இப்போதைய பம்பருக்குள் சென்சார் இருக்கிறது, கதவுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும், அதனால் உங்களுடையது 750-ஐத் தாண்டும் என்றே நினைக்கிறேன். பழுதுச் செலவு மட்டுமல்ல, விபத்துக் கார் என்ற பெயரால் விற்கும்போது குறையும் மதிப்பையும் அவர் தனியாக எழுதுவார். புதுசாக இருக்கும் காருக்கு இது நல்ல தொகை. இன்ஷூரன்ஸ் ஆளின் அறிக்கையில் நைசாகக் காணாமல் போவதும் இதுதான்.

ஒர்க்ஷாப்பில் கார் நிற்கும் நாட்களுக்கு வாடகைக் கார் எடுக்கலாம். எடுக்காவிட்டால் காரில்லாத நாளுக்கு இவ்வளவு என்று பணம் கேட்கலாம். காரின் ரகத்தைப் பொறுத்து நாளுக்கு 23 யூரோவிலிருந்து 175 யூரோ வரை இருக்கிறது. போன், தபால் செலவுக்கென்று மொத்தமாக 25, 30 யூரோவும் உண்டு. கேட்டால்தான் வரும்.

வக்கீல் என்றதும் நம் ஆட்களுக்கு கோர்ட்டு வாசலும் வாய்தாவும்தான் ஞாபகம் வரும். அங்கே சாலை விபத்துச் சட்டத்துக்கென்றே வக்கீல்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் கடிதத்திலேயே வேலை முடிந்துவிடும். தவறு முழுக்க எதிர்த்தரப்புடையது என்றால் அவர் ஃபீஸும் அவர்கள் கணக்கில். எனக்கு ஒருமுறை ஒர்க்ஷாப் கூலியில் வெட்டி, மதிப்புக் குறைவையும் வெட்டிப் பணம் அனுப்பினார்கள். வக்கீல் கடிதம் போனது, மீதியும் வந்தது. அதிலிருந்து சின்ன விஷயத்துக்கும் முதலிலேயே வக்கீலிடம் போய்விடுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

பழைய கார், நசுங்கினால் நசுங்கட்டும் என்று பழுது பார்க்காமல் பணமாகவும் வாங்கலாம். அப்போது விற்பனை வரியைக் கழித்துத்தான் தருவார்கள். நம்மவர்கள் இதில் குஷியாகி வாங்கிவிடுகிறார்கள். பிறகு அதே இடத்தில் வேறொருவர் இடித்தால் பழைய சேதம் எது, புதியது எது என்று நிரூபிக்கும் தலைவலி நமக்கு.

உங்கள் சொந்த ஃபுல் இன்ஷூரன்ஸைத் தொட வேண்டாம் என்றது, தொட்டால் நம் நோ கிளெய்ம் போனஸ் மாதிரி அங்கே இருக்கும் சலுகை வகுப்பு இறங்கி பிரீமியம் ஏறும் என்பதால். இடித்தவர் ஓடிவிட்டார், ஆள் கிடைக்கவில்லை என்றால் அது வேறு. (கண்ணாடியில் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போவதும் அங்கே குற்றம்தான். நாளை நீங்களே யார் காரையாவது உரசினால் காத்திருங்கள், யாரும் வராவிட்டால் போலீஸுக்குச் சொல்லுங்கள்.)

இன்றைக்கே அந்த இன்ஷூரன்ஸுக்கு ஒரு மெயில் போடுங்கள்: மதிப்பீட்டாளரை நானே நியமிக்கிறேன், இனி எல்லாம் எழுத்தில். போனில் எதற்கும் தலையாட்டாதீர்கள். "இத்துடன் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது" என்ற பொருளில் தாள் வந்தால் வக்கீல் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். ஒர்க்ஷாப்பில் நீட்டும் தாளையும் படித்துவிட்டுப் போடுங்கள். பணம் வர நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம், அதற்காகப் பதற வேண்டாம்.

ஒன்று நீங்கள் சொல்லவில்லை: கார் சொந்தமா, லீசிங்கா? லீசிங் என்றால் காரின் உரிமையாளர் அந்தக் கம்பெனி. மதிப்பீட்டாளரைக் கூப்பிடுவதற்கு முன் அவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள், எந்த ஒர்க்ஷாப் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள்.