நோட்டீஸ் வந்த பிறகும் ஓடிய பேய் வீடு

கேள்வி: ஊர் ஊராகப் பொருட்காட்சிகளில் 'பேய் வீடு' ஸ்டால் போடுகிறேன். ஆறு அறைகள், டிக்கெட் 80 ரூபாய். மூன்று அறைகளில் பிரபலமான ஹாலிவுட் பேய்கள்: ஒரு பொம்மை, ஒரு கன்னியாஸ்திரி, ஒரு கோமாளி. நான்காவதில் ஒரு தமிழ்ப் படத்துப் பேய். மூன்று வாரங்களுக்கு முன் டெல்லி வக்கீல் மூலம் ஒரு ஸ்டுடியோ நோட்டீஸ் அனுப்பியது. 15 நாளில் நிறுத்த வேண்டும், கணக்குக் கொடுக்க வேண்டும், 25 லட்சம் நஷ்டஈடு தர வேண்டுமாம். முகமூடிகளை ஆன்லைனில் ஜிஎஸ்டி பில்லோடு வாங்கியிருக்கிறேன். பொம்மையின் பெயரையும் மாற்றிவிட்டேன். இதே பேய்களை வைத்துப் பலர் நடத்துகிறார்கள். என்னை மட்டும் என் முன்னாள் பங்குதாரர் போட்டுக்கொடுத்துவிட்டார். செட் போட வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறேன். பதில் எதுவும் அனுப்பவில்லை. பொருட்காட்சி முடிய இன்னும் 10 நாள்தான் என்பதால் நடத்திக்கொண்டிருக்கிறேன். மிரட்டல் நோட்டீஸ் என்று எதிர்வழக்குப் போடச் சொல்கிறார் நண்பர். என்ன செய்யலாம்?

— தென் மாவட்ட வாசகர் (ஊர், படங்கள், நிறுவனத்தின் பெயர்கள் நீக்கப்பட்டுள்ளன. கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: நீங்கள் எழுதிய முழுக் கடிதத்தில் முன்னாள் பங்குதாரருக்கே பாதி இடம் போயிருக்கிறது. அவர் போட்டுக்கொடுத்தாரா, உங்கள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸை ஸ்டுடியோவே பார்த்ததா என்பதை எந்தக் கோர்ட்டும் கேட்காது. பக்கத்து ஊர் ஸ்டால்காரருக்கு நோட்டீஸ் போகவில்லை என்பதும் வாதம் ஆகாது. யார்மீது வழக்குப் போடுவது என்பது உரிமையாளரின் இஷ்டம். கடன் பாரம் புரிகிறது. ஆனால் நாம் அனுப்பும் பதில் நோட்டீஸில் அதற்கு இடமில்லை.

எனக்கு வேண்டியது கடைசியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி: "இன்னும் 10 நாள்தான் என்பதால் நடத்திக்கொண்டிருக்கிறேன்." உங்கள் வழக்கு முழுவதும் இந்த வரியில்தான் இருக்கிறது. நோட்டீஸ் கைக்கு வந்த தேதிக்கு முன்னால் நீங்கள் ஒரு ஆள். அந்தத் தேதிக்குப் பிறகு சட்டத்தின் பார்வையில் வேறு ஆள்.

மற்றவற்றை முதலில் வேகமாக முடித்துவிடுகிறேன். முகமூடிக்குப் பில் இருக்கிறது. எனவே முகமூடி உங்களுடையது. அந்த உருவத்தை வைத்து டிக்கெட் கிழிக்கும் உரிமை பில்லோடு வருவதில்லை. பொதுமக்கள் நேரில் பார்க்கும்படி காட்சிப்படுத்துவதும் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 1957 உரிமையாளருக்கு மட்டும் கொடுத்திருக்கும் உரிமைகளில் வரும். வாசல் ஃபிளெக்ஸில் நீங்கள் போட்டிருப்பது படத்தின் ஸ்டில்; அறைக்குள் ஓடுவது படத்தின் பின்னணி இசை. இந்த இரண்டுக்கும் உங்கள் பக்கம் வாதமே இல்லை. டிக்கெட்டில் படத்தின் பெயரை அச்சடித்தது டிரேட்மார்க் பக்கம் போகும்; நோட்டீஸில் அதையும் சேர்த்திருக்கிறார்கள்.

கொஞ்சமாவது வாதாட இடமுள்ளவை உடையும் முகமும்தான். கறுப்பு அங்கி போட்ட கன்னியாஸ்திரிக்கோ, இருட்டில் சிரிக்கும் கோமாளிக்கோ யாரும் பொதுவாகச் சொந்தம் கொண்டாட முடியாது. கருவுக்குக் காப்பிரைட் கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் நிற்கிறது. ஆனால் நீங்கள் அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தேன். கோமாளியின் முகத்தில் ஒவ்வொரு கோடும் படத்தில் உள்ளபடியே இருக்கிறது. உங்கள் மேக்கப்காரர் கெட்டிக்காரர். அதுதான் இப்போது தொல்லை. 2016-இல் 'தபங்' இந்திப் படத்தின் சுல்புல் பாண்டே கதாபாத்திரம் பற்றிய வழக்கில், தனித்தன்மையுள்ள கதாபாத்திரமும் அதைச் சித்தரித்த விதமும் பாதுகாப்புக்கு உரியவை என்ற கொள்கையை பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த வழக்கில் இடைக்காலத் தடை கிடைக்கவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு நிம்மதி அடையாதீர்கள். வழக்குப் போட்டவர்கள் தாமதமாக வந்தது அங்கே ஒரு காரணம். உங்களை எதிர்ப்பவர்கள் தாமதிக்கிற மாதிரி தெரியவில்லை.

பெயரை மாற்றிவிட்டேன் என்கிறீர்கள். காமிக்ஸ் நாயகன் நாகராஜைப் போலவே நாகேஷ் என்று ஒருவரை உருவாக்கியவர்களும் அதைத்தான் சொன்னார்கள். 1996-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதற்கும் முன்னால், 1922-இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் படம், டிராகுலா நாவலின் கதையைப் பெயர்களை மாற்றி எடுத்தது. நாவலாசிரியரின் மனைவி வழக்குப் போட்டார். படப் பிரதிகளை அழிக்கச் சொல்லி ஜெர்மன் கோர்ட் 1925-இல் உத்தரவிட்டது. பெயர் மாற்றம் நூறு வருடமாகத் தோற்றுக்கொண்டிருக்கும் வாதம்.

இனி தேதி விஷயம். சட்டத்தின் 55-ஆவது பிரிவில் உங்களைப் போன்றவர்களுக்கென்று ஒரு சின்னக் கதவு இருக்கிறது. மீறிய நாளில், இதில் காப்பிரைட் இருக்கிறது என்று தெரியாது, தெரிவதற்கு நியாயமான காரணமும் இல்லை என்று நிரூபித்தால், எதிர்த்தரப்புக்குத் தடை உத்தரவும், லாபத்தில் கோர்ட் நியாயமென்று நினைக்கிற பங்கும் மட்டும்தான் கிடைக்கும். உலகம் முழுக்க ஓடிய படம் என்பதால் அந்தக் கதவு உங்களுக்கு ஏற்கெனவே பாதி மூடித்தான் இருந்தது. நோட்டீஸைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய நாளோடு மீதியும் மூடிவிட்டது.

அதைவிடப் பெரியது 63-ஆவது பிரிவு. 'தெரிந்தே' மீறினால் குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. 7 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை என்பதால் நாளைக்கே கைது செய்வார்கள் என்று பயமுறுத்த மாட்டேன். பெரும்பாலும் விசாரணைக்கு ஆஜராகச் சொல்லித்தான் நோட்டீஸ் வரும். ஆனால் 64-ஆவது பிரிவின்படி சப்-இன்ஸ்பெக்டர் வாரன்ட் இல்லாமலே பொருட்களைக் கைப்பற்றலாம். பறிபோன செட்டைத் திரும்பக் கேட்டு 15 நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட வேண்டும். அந்த 15 நாளில் உங்கள் பொருட்காட்சி முடிந்திருக்கும்.

'தெரிந்தே' என்ற அந்த ஒரு சொல்லை எதிர்த்தரப்பு நிரூபிப்பதுதான் வழக்கமாகக் கஷ்டம். நோட்டீஸுக்குப் பின் நடந்த ஒவ்வொரு ஷோவும் அந்த வேலையை அவர்களுக்காக நீங்களே செய்து கொடுப்பது. இந்தப் 10 நாள் கலெக்ஷனுக்காக ஒரு சிவில் தகராறைக் கிரிமினல் வழக்காக மாற்றிக்கொள்கிறீர்கள். அப்படி மாறிய பிறகு சமாதானமும் எளிதல்ல. இரண்டு தரப்பும் கைகுலுக்கினாலும் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதுவரை அந்த வழக்கு உங்கள் பாஸ்போர்ட்டிலிருந்து லைசென்ஸ் வரை எல்லா இடத்திலும் வந்து நிற்கும்.

சிவில் பக்கமும் நிம்மதி இல்லை. வழக்கு உங்கள் ஊரில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். 62-ஆவது பிரிவின்படி, தான் தொழில் நடத்தும் இடத்தில் வழக்குப் போட உரிமையாளருக்கு வாய்ப்பு உண்டு. வணிக வழக்குகளில் முதலில் மத்தியஸ்தத்துக்குப் போக வேண்டுமே என்று யாராவது சொல்வார்கள். அவசர நிவாரணம் கேட்டால் அது தேவையில்லை; இவர்கள் எல்லோரும் அவசர நிவாரணம்தான் கேட்பார்கள். உங்களுக்குத் தெரியாமலே இடைக்காலத் தடை வாங்கி, கூடவே ஒரு அட்வகேட் கமிஷனரையும், அதாவது கோர்ட் சார்பில் நேரில் வந்து பார்க்கும் வக்கீலையும், நியமிக்க வைப்பார்கள். அவர் வருவது சனிக்கிழமை சாயங்காலமாக இருக்கும், வரிசையில் கூட்டம் நிற்கும்போது. முகமூடிகளைப் பட்டியல் எடுப்பார், சீல் வைப்பார், கலெக்ஷன் நோட்டைப் போட்டோ எடுப்பார். அவரைத் தடுத்து வாசலில் சத்தம் போட்ட, என்னிடம் வழக்கைக் கொடுத்த கட்சிக்காரர்களையே பார்த்திருக்கிறேன். கோர்ட்டுக்குப் போகும் அறிக்கையில் முகமூடி ஒரு வரியாகவும் அந்தச் சத்தம் ஒரு பக்கமாகவும் இருக்கும்.

இன்னொரு பள்ளம் வாட்ஸ்அப். நோட்டீஸில் இருக்கும் நம்பருக்குக் கட்சிக்காரரே, "சார், மூணு வருஷமா நடத்துறேன், இதுவரை யாரும் கேட்டதில்ல, ஏழை வயித்துல அடிக்காதீங்க" என்று அனுப்பிவிடுவார். நஷ்டஈட்டுக் கணக்கில் எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் இருந்த ஒரே விஷயம் எத்தனை வருஷம் என்பது. அதையும் எழுத்தில் கொடுத்தாயிற்று. நீங்கள் இன்னும் பதில் போடவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரே நல்ல செய்தி.

நண்பர் சொல்வது 60-ஆவது பிரிவு: ஆதாரமில்லாத மிரட்டலுக்கு எதிராக வழக்கு. அந்தப் பிரிவின் கடைசி வரியை அவர் படிக்கவில்லை. மிரட்டியவர் உரிய வேகத்தில் காப்பிரைட் வழக்கைப் போட்டு நடத்தினால் உங்கள் வழக்கு அதோடு முடிந்தது. வழக்குப் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் நிறுவனத்தைத் தள்ளிவிட்டுப் போட வைக்கும் வழி அது. வேண்டாம்.

என் ஆலோசனை சமாதானம். அதுவும் இந்த வாரமே. இன்றிரவு ஷோவோடு மூன்று அறைகளையும் மூடுங்கள். ஃபிளெக்ஸை இறக்குங்கள், ரீல்ஸை எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். ஆதாரத்தை அழித்தான் என்று நாளை பேச்சு வரக்கூடாது. வக்கீல் மூலம் ஒரு பக்கத்தில் பதில் போதும்: உரிமையை ஒப்புக்கொள்ளாமல், இந்தத் தேதியில் நிறுத்திவிட்டோம், உங்கள் உரிமைப் பத்திரங்களைக் காட்டுங்கள், பேசத் தயார். பத்திரம் கேட்பது சும்மா சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். 'ஃப்ரைடே தி 13த்' என்ற அமெரிக்கத் திகில் படத்தின் திரைக்கதை யாருக்கு என்ற சண்டையில் 2021-இல்தான் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் திரைக்கதையாசிரியர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நோட்டீஸ் அனுப்புபவரிடமே எல்லா உரிமையும் இருக்கும் என்று நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கூடவே சென்னையிலும் டெல்லியிலும் கேவியட், அதாவது என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற முன்மனு, போட்டுவிடுங்கள். 90 நாள்வரை, உங்களைக் கேட்காமல் தடை வாங்குவதை அது கடினமாக்கும்.

25 லட்சத்தைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் நோட்டீஸில் இருப்பது பேரத் தொகை. உடனே நிறுத்திவிட்டு வருகிற சின்ன ஸ்டால்காரரிடம் அவர்கள் பெரும்பாலும் கேட்பது வழக்குச் செலவும் எழுத்துப்பூர்வமான உறுதிமொழியும்தான். ஆபத்து அந்த உறுதிமொழியில் இருக்கிறது. அவர்களின் வக்கீல் அனுப்பும் வாசகத்தில், "நிறுவனத்துக்குச் சொந்தமான எந்தக் கதாபாத்திரத்தையும், எந்த வடிவிலும்" என்று இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால், நாளை உங்கள் செட்டில் எந்தக் கறுப்பு அங்கி நின்றாலும் சண்டைதான். மூன்று உருவங்களைப் போட்டோவோடு இணைத்து, அவற்றை மட்டும் என்று எழுதச் சொல்லுங்கள். 'தெரிந்தே மீறினேன்' என்ற வாசகம் எந்த மூலையிலும் இருக்கக் கூடாது. பதிலுக்குப் பழைய ஷோக்களுக்காக இனி சிவில் வழக்கோ போலீஸ் புகாரோ இல்லை என்று அவர்கள் எழுதித் தர வேண்டும். அது பொருட்காட்சி நடத்துபவரையும் சேர்த்து இருக்கட்டும். இடம் கொடுத்தவரையும் சட்டம் இழுக்கும். அப்படி இழுத்தால் அவர் உங்களிடம் வசூலிக்கலாம் என்று உங்கள் ஸ்டால் ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து இருக்கிறது. படித்திருக்க மாட்டீர்கள்.

உறுதிமொழி கோர்ட்டில் தாக்கலானால் அதை மீறுவது கோர்ட் அவமதிப்பு வரை போகும். என் கட்சிக்காரர் ஒருவர் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டார், ஒழுங்காகப் பணமும் கட்டினார். பழைய ஃபிளெக்ஸ் குடோனில் கிடந்தது. அடுத்த சீசனில் மச்சான் அதை லாரியில் ஏற்றிப்போய் வேறு ஊரில் கட்டிவிட்டார். முதல் தடவை முடிந்த தொகையைப் போல் பல மடங்கு ஆனது. ஃபிளெக்ஸைக் கிழியுங்கள். முகமூடிகளை ரசீது வாங்கிக்கொண்டு அவர்களிடமே ஒப்படையுங்கள்.

லைசென்ஸ் வாங்கி நடத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முறையான வழி அதுதான். யுனிவர்சல் தன் ஆர்லாண்டோ பார்க்கில் 2007-இல் ஃப்ரெடி, ஜேசன், லெதர்ஃபேஸ் என்ற மூன்று ஹாலிவுட் திகில் பட வில்லன்களை வைத்தபோது நியூ லைன் நிறுவனத்திடம் லைசென்ஸ் வாங்கித்தான் வைத்தது. 80 ரூபாய் டிக்கெட்டுக்கு அந்தக் கணக்கு கட்டாது. டிராகுலா நாவல் காப்பிரைட் காலம் முடிந்த பொதுச்சொத்து. எழுதியவர் 1912-இலேயே இறந்துவிட்டார். 1818-இல் வந்த ஃப்ராங்கன்ஸ்டைனும் அப்படியே. ஆனால் தட்டையான தலையும் கழுத்தில் போல்ட்டும் நாவலில் இல்லை, 1931 சினிமாவில் வந்தவை, அவற்றைத் தவிருங்கள். மோகினிக்கும் கொள்ளிவாய்ப் பிசாசுக்கும் யாரும் நோட்டீஸ் அனுப்ப முடியாது. உங்கள் மேக்கப்காரரின் திறமையை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

நான்காவது அறைக்கு நோட்டீஸ் வரவில்லை என்பதால் அதைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அங்கே தயாரிப்பாளரின் காப்பிரைட்டோடு, ஃபிளெக்ஸில் இருக்கும் நடிகரின் முகமும் பெயரும் தனி விவகாரம். அனுமதியில்லாமல் தன் பெயரையும் சாயலையும் படத்தில் பயன்படுத்தியதற்கு எதிராக ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2015-இல் தடை வாங்கியிருக்கிறார். இரண்டு பேர் தனித்தனியாக வழக்குப் போடக்கூடிய அறை அது. மற்ற மூன்றோடு அதையும் மூடிவிட்டு, நோட்டீஸ், ஸ்டால் ஒப்பந்தம், மூன்று வருட ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஆகியவற்றோடு உங்கள் வக்கீலைப் போய்ப் பாருங்கள்.