கடைசியில் காசு கொடுத்தவர் வழக்குப் போடலாமா?

கேள்வி: கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் கடையில் லேப்டாப் வாங்கினேன். உள்ளே இருக்கும் சிப்பின் விலையை அதன் தயாரிப்பாளர்கள் கூட்டுச் சேர்ந்து ஏற்றியிருந்தால், அவர்களிடம் நான் நஷ்டஈடு கேட்க முடியுமா?

அமெரிக்க மத்திய சட்டத்தில் முடியாது. கலிபோர்னியா சட்டத்தில் முடியும்.

1977-இல் வந்த இல்லினாய் பிரிக் தீர்ப்புதான் இதற்குக் காரணம். கான்கிரீட் பிளாக் கம்பெனிகள் கொத்துவேலை கான்ட்ராக்டருக்கு விற்றன. அவர் அந்த வேலையை மெயின் கான்ட்ராக்டருக்குச் செய்து கொடுத்தார். கடைசியில் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தது இல்லினாய் மாநில அரசு; பிளாக் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றின என்று வழக்குப் போட்டதும் அதுதான். கூடுதல் விலையில் யார் தலையில் எவ்வளவு விழுந்தது என்று பிரிப்பது சிக்கல், ஒரே தொகையைக் கம்பெனி இரண்டு தரம் கட்டவும் நேரலாம் என்று சொல்லி, நேரடியாக வாங்கியவருக்கு மட்டுமே நஷ்டஈடு என்றது உச்ச நீதிமன்றம். கணக்குப் போடச் சிரமம் என்பதற்காக நஷ்டப்பட்டவரையே வெளியே நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கலிபோர்னியாவுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். மறு வருடமே, கூட்டுச் சேர்ந்து விலை ஏற்றுவதைத் தடுக்கும் தன் கார்ட்ரைட் சட்டத்தைத் திருத்தி, மறைமுகமாக வாங்கியவருக்கும் உரிமை கொடுத்தது. மாநிலங்கள் இப்படிச் சட்டம் போடலாம் என்று 1989-இல் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. டிராம் என்ற மெமரி சிப்பின் விலையைக் கூட்டாக ஏற்றிய விவகாரத்தில் 1998 முதல் 2002 வரை கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் உள்ளிட்டோருக்காக 31 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: நான் ஹூஸ்டனில் வாங்கினேன். எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. டெக்சாஸில், ‘நேரடியாக வாங்கியவருக்கு மட்டுமே’ என்ற தடையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாகச் சுற்றி வரலாமா என்று பார்த்தவர்களுக்கும் 1995-இல் மாநில உச்ச நீதிமன்றம் வழிவிடவில்லை. மத்திய சட்டப்படி அந்தக் கூட்டுச்சதியை நிறுத்தச் சொல்லித் தடை உத்தரவு கேட்கலாம், பணம் வராது.

கேள்வி: தோற்ற இல்லினாய் மாநிலம் என்ன செய்தது?

தன் சட்டத்தை மாற்றிக்கொண்டது. ஆனால் ஒரு கொக்கி வைத்தது: மறைமுகமாக வாங்கியவர்களுக்காக கிளாஸ் ஆக்‌ஷன் (பலருக்காகச் சேர்த்துப் போடும் ஒரே வழக்கு) போட மாநில அட்டர்னி ஜெனரலால் மட்டுமே முடியும். இந்தத் தடை மத்திய நீதிமன்றத்திலும் செல்லுமா என்பதில் நீதிபதிகளே ஒத்துப்போகவில்லை.

கேள்வி: ஐபோன் ஆப் வாங்கினால் நான் மறைமுக வாடிக்கையாளரா?

இல்லை. ஆப்பிளைப் பொறுத்தவரை நீங்கள் நேரடி வாடிக்கையாளர்தான். ஆப்பை ஆப்பிளின் கடையிலேயே வாங்குகிறீர்கள் என்பதால், 2019-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 4 என்று இப்படித் தீர்ப்பானது.

கேள்வி: ‘உங்களுக்குப் பணம் வர வேண்டியிருக்கிறது, கிளெய்ம் செய்யுங்கள்’ என்று மெயில் வந்திருக்கிறது. நம்பலாமா?

நிஜ அறிவிப்பும் இப்படித்தான் வரும், மோசடியும் இப்படித்தான் வரும். மெயிலில் உள்ள லிங்க்கைத் தொடாமல், வழக்கின் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். விண்ணப்பிக்க முன்பணம் கேட்டால் அழித்துவிடுங்கள்.