ஆசிரியருடன் ஒழுங்காக இறங்கிய என் மகன், முதன்முதலாகத் தனியே பறந்த சோலோவில் மூக்குச் சக்கரத்தை ஒடித்தது ஏன்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் விமானமோட்டப் பயிலும் உங்கள் மகனுக்குக் காயமில்லை என்பதே பெரிய நிம்மதி அம்மா. விமானம் மூன்று முறை துள்ளியது என்கிறீர்கள். காரணம் அதில்தான் இருக்கிறது.

லைட் ஸ்போர்ட் எனப்படும் சிறு விமானத்தின் உச்ச எடையே பொதுவாக 600 கிலோதான். 80 கிலோ ஆசிரியர் இறங்கிவிட்டால், அதே வேகத்தில் வந்தாலும் தரையைத் தொடாமல் மிதக்கும். பொறுமையிழந்து ஸ்டிக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் பிடியை) முன்னே தள்ளினால் மூக்குச் சக்கரம் முதலில் அடிபட்டு விமானம் எம்பும். பதறி மறுபடி தள்ளுவார்கள். விமானத்தின் அசைவுக்குக் கை பிந்திவிடும். அடுத்த அடி இன்னும் பலமாக விழும். மூக்குக் கால் அதைத் தாங்குமளவு பலமானதல்ல.

பலமாகத் துள்ளினால் முதல் துள்ளலிலேயே முழு த்ராட்டில் (எஞ்சின் விசை) கொடுத்து, மூக்கைச் சமமாகப் பிடித்து, வேகம் கூடியதும் ஏறிவிட வேண்டும். ஃப்ளாப்பை (இறங்கும்போது இறக்கையின் பின்னால் நீட்டும் மடலை) ஒரேயடியாக மடக்கினால் விமானம் அமுங்கும்.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் போனால் கூடுதல் கவனம் வேண்டும். ராண்ட் விமான நிலையம் 5,483 அடி உயரத்தில் இருக்கிறது. 30 டிகிரி வெயிலில் காற்று சுமார் 8,600 அடியில் இருப்பதுபோல மெலிந்திருக்கும். வேக மீட்டர் 55 நாட் (மணிக்குக் கடல் மைல்) காட்டும்போது உண்மை வேகம் 62, 63 நாட். தரை விரைந்தோடுவதைப் பார்த்து வேகத்தைக் குறைக்கக் கூடாது.

ப்ரொப்பெல்லர் தரையில் உரசியதா? ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் என்றால், கியர்பாக்ஸையும் கிராங்க் ஷாஃப்டையும் சோதிக்காமல் அந்த விமானத்தில் மகனை ஏற விடாதீர்கள்.