ஹெர்ஷலின் கடிதங்கள் – ஒரு கேள்வி

அன்புள்ள சார்,

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஹெர்ஷல் பற்றி நீங்கள் எழுதியிருந்த சிறு குறிப்பைப் படித்தேன். நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ராத்திரி மொட்டைமாடியில் எட்டு அங்குலத் தொலைநோக்கி. இரண்டு குழந்தைகள். எனக்கு இதற்கே மூச்சு முட்டுகிறது. அந்த மனிதர் பன்னிரண்டு பிள்ளைகளை வளர்த்து, வானத்தையும் ஆராய்ந்து, நாணயச்சாலைக்கும் தலைவராக இருந்து, பதினாலாயிரம் கடிதமும் எழுதியிருக்கிறார். எப்படிச் சமாளித்தார்? கேட்பதற்குக் காரணம் உண்டு. எனக்குப் பதவி உயர்வு வருகிறது, வேறு ஊருக்குப் போக வேண்டும். குடும்பத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாமா என்று யோசனை.

ச.

அன்புள்ள ச.,

அவர் சமாளிக்கவில்லை. கடிதங்களைப் படித்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். பதினாலாயிரத்துச் சொச்சம் என்பது அவர் எழுதியதும் அவருக்கு வந்ததும் சேர்ந்த கணக்கு. பெரும்பகுதி லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் இருக்கிறது. குடும்பக் காகிதங்களில் நிறைய, அமெரிக்காவில் டெக்ஸாஸுக்குப் போய்விட்டன. ஆய்வாளர்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சுருக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தேதி வரிசையில்தான் நாம் ஏமாறுகிறோம். கணக்கு இயந்திரம் கட்டப் பாடுபட்ட பாபேஜுக்கு ஒன்று, புகைப்படம் எடுக்கப் போராடிய டால்பட்டுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று என்று அடுத்தடுத்து வரும்போது, எல்லாச் சுமையையும் ஒரே நேரத்தில் தூக்கிய மனிதராகத் தெரிகிறார். வருடங்களைப் பிரித்துப் பாருங்கள். வானம் பார்த்த காலத்தில் பதவி இல்லை. பதவியில் இருந்தபோது வானம் பார்க்கவில்லை.

அவருடைய நல்ல காலம் தென்னாப்பிரிக்காவில்தான். 1833 நவம்பரில் மனைவி மார்கரெட், மூன்று குழந்தைகள், இருபதடித் தொலைநோக்கி சகிதம் கப்பலேறினார். அரசாங்கச் செலவில் போகலாம் என்று சொல்லியும் மறுத்துவிட்டுச் சொந்தப் பணத்தில் போனார். குடும்பச் சொத்து இருந்தது, முடிந்தது. (நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் அவரோடு ஒப்பிட்டு மனம் நொந்துகொள்ளும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.) கேப் டவுனுக்கு வெளியே, டேபிள் மலையடியில், ஃபெல்ட்ஹவுசன் என்ற வீடு. அங்கே நாலு வருடம். அப்பா வில்லியம் ஹெர்ஷல் வடவானத்தில் செய்த கணக்கெடுப்பைத் தென்வானத்தில் முடிப்பதுதான் வேலை. 1,707 நெபுலாக்களும் (மேகம் போல மங்கலாகத் தெரியும் வான்பொருள்கள்) விண்மீன் கொத்துகளும், 2,102 இரட்டை விண்மீன்களும் பட்டியலில் ஏறின. அதே நாலு வருடத்தில் இன்னும் மூன்று குழந்தைகள் பிறந்தன. பகலில் அவர் கேமரா லூசிடா (எதிரே இருப்பதைத் தாளின்மேல் தெரியவைக்கும் வரைகருவி) வைத்துப் பூக்களின் கோட்டோவியம் வரைவார், மார்கரெட் வண்ணம் தீட்டுவார். நூற்றுக்கும் மேற்பட்ட அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன. தன் வாழ்க்கையில் சந்தோஷமான காலம் அதுதான் என்று அவரே பிற்பாடு எழுதினார்.

அங்கிருந்து அத்தை கரோலினுடன் நடந்த கடிதப் போக்குவரத்துதான் எனக்கு மிகவும் பிடித்தது. கரோலின் அப்போது ஜெர்மனியில் ஹனோவரில் இருந்தார், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அண்ணன் வில்லியத்துக்கு ராத்திரி ராத்திரியாகக் குறிப்பெழுதிக் கொடுத்தவர், தானே எட்டு வால்மீன்களைக் கண்டுபிடித்தவர். மருமகன் தெற்கே போகிறான் என்றதும் ஒரு வேலை வைத்தார். விருச்சிகத்தின் கீழ்ப்பகுதியைப் பார், உன் அப்பா அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார், ஏதோ வித்தியாசமாக இருந்தது என்றார். ஜான் 1834இல் பதில் போட்டார். விருச்சிகத்தின் மூலை முடுக்கெல்லாம் துழாவிக்கொண்டிருக்கிறேன், அழகழகான கோள வடிவ விண்மீன் கொத்துகளாக நிறைந்து கிடக்கின்றன என்று. கிழவிக்குத் திருப்தியில்லை. நான் கேட்டது கொத்துகளை அல்ல என்று திருப்பி எழுதினார். அவர் நினைவில் இருந்தது வேறு. அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வில்லியம், ‘வானத்தில் நிஜமாகவே ஒரு ஓட்டை இருக்கிறது’ என்று ஜெர்மனில் கத்தியிருக்கிறார். ஜான் மறுபடி தேடினார். ஒரு சின்ன விண்மீன்கூட இல்லாத வெற்றிடங்கள் அகப்பட்டன. அவை ஓட்டைகள் அல்ல, பின்னால் இருக்கும் ஒளியை மறைக்கும் தூசி மேகங்கள் என்று இன்று நமக்குத் தெரியும். உங்கள் எட்டு அங்குலத்தில் ஜூன் மாதம் விருச்சிகத்தின் அந்தாரஸ் (கேட்டை) விண்மீன் பக்கமாகத் துழாவிப் பாருங்கள். ஊர் வெளிச்சம் இல்லாத இடமாக இருக்க வேண்டும்.

இந்தக் கடிதங்களை ‘குடும்பம்’ என்ற கட்டுக்குள் வைப்பதா, ‘வானியல்’ கட்டுக்குள் வைப்பதா? அவர் வீட்டில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. நீங்கள் கேட்ட சமாளிப்பு அங்கே தேவைப்படவே இல்லை என்பேன்.

1838இல் இங்கிலாந்து திரும்பினார். அதன்பின் தொலைநோக்கி வழியாக அவர் பார்த்தது வெகு குறைவு. கேப் டவுனில் எடுத்த குறிப்புகளைக் கணக்குப் போட்டு அச்சேற்றவே 1847 ஆகிவிட்டது. கரோலின் அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அடுத்த ஜனவரியில் காலமானார்.

அப்புறம் வந்தது நாணயச்சாலை. 1850 கடைசியில் தலைவர் பதவி கிடைத்தது. ஒரு காலத்தில் நியூட்டன் வகித்த பதவி. மறுக்கத் தோன்றியிருக்காது. பெரிய குடும்பத்துக்குச் செலவும் இருந்தது. நாணயம் அடிக்கும் உரிமையைப் பரம்பரைச் சலுகை மாதிரி வைத்திருந்த ஒப்பந்தக்காரர் கூட்டத்தை விலக்கி, வேலையை அரசாங்கத்தின் கையில் கொண்டுவரும் சீர்திருத்தம் அவர் தலையில் விழுந்தது. 1851இல் ஆஸ்திரேலியாவில் தங்கம் கிடைத்தது. அது லண்டனுக்கு வந்து குவிய, சிட்னியில் கிளை திறக்கும் ஏற்பாடுகளும் சேர்ந்துகொண்டன. பவுண்டை ஆயிரமாகப் பிரிக்கும் தசம நாணய முறைக்காக வாதாடினார். நடக்கவில்லை. பிரிட்டனில் தசம நாணயம் வந்தது 1971இல். இதற்கு நடுவே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விசாரணைக் குழுவிலும் உறுப்பினர்.

குடும்பம் பெரும்பாலும் கென்ட் மாவட்டத்தில் ஹாக்ஹர்ஸ்ட் கிராமத்தில், அவர் லண்டனில். நீங்கள் யோசிக்கிற ஏற்பாடேதான். 1854இல் மனம் உடைந்து படுத்துவிட்டார், 1855இல் பதவியை விட்டார். பதவியில் இருந்த அந்த நாலரை வருடத்தை வைத்து அவரை ‘எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தவர்’ என்று புகழ்வது எனக்கு அபத்தமாகப் படுகிறது.

நீங்கள் கேட்காத ஒன்று. அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளை வளர்த்ததில் பெரும்பங்கு மார்கரெட்டுடையது. நம் ஊரிலும் வேலை, ஆராய்ச்சி, குடும்பம் மூன்றையும் ஒருசேர நடத்தியவர் என்று யாரையாவது பாராட்டும்போது வீட்டுக்குள் ஒருவர் இருந்திருப்பார். அவர் எழுதிய கடிதத்தை யாரும் தேடிப் படிப்பதில்லை.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர் உங்கள் அலுவலகத்துக்கு வேண்டியவர். மூத்த மகன் வில்லியம் வங்காளத்தில் அதிகாரியாக இருந்தார். 1858இல் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்தோடு உள்ளங்கை ரேகையையும் பதியச் சொன்னார். 1877இல் ஹூக்ளியில் பத்திரப் பதிவுக்கே விரல் ரேகை வாங்க ஆரம்பித்தார். நீங்கள் தினமும் கட்டைவிரல் ரேகை வாங்குவீர்களே, அந்தக் கதையில் இவருக்கு முக்கியமான இடம் உண்டு.

பதவி விலகிய பிறகு ஹெர்ஷல் காலிங்வுட் என்ற தன் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, அப்பாவும் அத்தையும் தானும் மற்றவர்களும் பார்த்த அத்தனையையும் ஒரே பட்டியலாக்கினார். 1864இல் வெளியான அதில் 5,079 பொருள்கள். அதை விரித்துத்தான் டிரேயர் என்ற வானியலாளர் 1888இல் புதிய பொதுப் பட்டியலை (ஆங்கிலச் சுருக்கம் என்ஜிசி) போட்டார். உங்கள் செயலியில் என்ஜிசி என்று தொடங்கும் எண்கள் அதிலிருந்து வந்தவை.

பதவி உயர்வு விஷயத்தில் நான் சொல்ல முடிந்தது ஒன்றுதான். வாங்குவதானால் குடும்பத்தோடு போங்கள். பள்ளிக்கூடம், வாடகை, அப்பா அம்மா என்று ஆயிரம் தடை இருக்கும், தெரியும். முதலில் உங்கள் மனைவியைக் கேளுங்கள்.

படிப்பதானால் நாணயச்சாலைக் கடிதங்களில் தொடங்காதீர்கள், சலிப்பூட்டும். கரோலினின் நினைவுக் குறிப்புகளும் கடிதங்களும் 1876இல் புத்தகமாக வந்தன, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விருச்சிகச் சண்டை அதில் இருக்கிறது. தொகுத்தவர் ஜான் ஹெர்ஷலின் மருமகள். அட்டையில் ‘திருமதி ஜான் ஹெர்ஷல்’ என்று கணவர் பெயர்தான் இருக்கும், மாமனாரின் மனைவி என்று குழம்பிவிடாதீர்கள்.